'என் விருப்பத்தின் பேரில்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இழப்பீடு போனது போனதுதானா?

ஜன்னலோரம் எழுதியது:

சென்ற மாதம் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றிலிருந்து வீடு திரும்பினேன். பயணத் தூரம் 3500 கிலோமீட்டருக்கு மேல். நான்கு மாதங்களுக்கு முன்பே முழுப் பணமும் கட்டி உறுதி செய்த டிக்கெட். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே கவுண்டரில் நின்றேன். கொடுத்த போர்டிங் பாஸில் இருக்கை எண் இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்.பி.ஒய்.' (ஸ்டாண்ட்பை, அதாவது இருக்கை உறுதியாகாமல் காத்திருப்பவர்) என்று மூன்று எழுத்துகள் மட்டும். கேட்டதற்கு, "கேட்டில் இடம் போட்டுத் தருவார்கள்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் ஊழியர்.

கேட்டில் எல்லோரும் ஏறிய பிறகு நானும் இன்னும் மூன்று பேரும் மிச்சம். கதவைச் சாத்திவிட்டார்கள். ஒருவர் ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால்தான் நாளைய விமானத்தில் இடம் தர முடியும் என்றார். இரவு பதினொன்றரை மணி. காலெல்லாம் வலி. போட்டுவிட்டேன். ஓர் இரவுக்கு விடுதியும், அதே நிறுவனத்தில் ஓராண்டுக்குள் செலவழிக்க வேண்டிய 200 யூரோ வவுச்சரும் கொடுத்தார்கள். 19 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாக வாசித்தால், 'என் சொந்த விருப்பத்தின் பேரில் இருக்கையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று இருக்கிறது. இழப்பீடு கேட்டு எழுதினேன். நான் தன்னார்வலராம், அதனால் எனக்கு எதுவும் பொருந்தாதாம். வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறவர்களை அல்லவா நாம் அந்தச் சொல்லால் அழைப்போம்? நிறுவனத்தின் பெயரை இப்போது எழுத விரும்பவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு ஏதாவது வழி உண்டா?

மேகமூட்டம்:

கையெழுத்துப் போடும் முன் வாசித்திருக்க வேண்டும். இனி வவுச்சரைப் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பழைய கவுண்டர்:

மேகமூட்டம் சொல்வதைக் கேட்டு வவுச்சரைத் தொட்டுவிடாதீர்கள் அம்மா. பதினோரு ஆண்டுகள் அந்தக் கவுண்டரின் மறுபக்கம் நின்றவன் நான். அந்தத் தாளை எத்தனை பேரிடம் நீட்டியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குப் பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அது பொருந்தும். இடம் போதவில்லை என்றால் முதலில் தாமாக முன்வருகிறவர்களைத் தேட வேண்டும், அவர்களோடு பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆள் போதவில்லை என்றால்தான் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் இழப்பீடு உடனே தரப்பட வேண்டும். உங்கள் தூரத்துக்கு அது 600 யூரோ. நான்கு மணி நேரத் தாமதத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் பாதியாகக் குறைக்கலாம். 19 மணி நேரத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். தன்னார்வலர் என்பவர் கதவு திறந்திருக்கும்போது, இருக்கை கையில் இருக்கும்போது, பேரம் பேசி இறங்குகிறவர். உங்களுக்கு இருக்கையே தரவில்லை. இல்லாத இருக்கையை எப்படி விட்டுக்கொடுப்பது? கதவு சாத்திய பிறகு நீட்டிய தாள் அது. எங்கள் மேலாளருக்கு மாலைக் கணக்கில் 'விருப்பமின்றி நிறுத்தப்பட்டோர்: பூஜ்யம்' என்று வர வேண்டும், அதற்காகத்தான் அது.

15ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கள். பயணிக்கு நிறுவனம் செய்ய வேண்டிய கடமைகளை ஒப்பந்தத்தாலோ விட்டுக்கொடுப்பதாலோ குறைக்க முடியாது என்கிறது. உரிமைகளைச் சரியாகத் தெரிவிக்காததால் குறைந்த இழப்பீட்டை ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தாலும், மீதியைப் பெற அவர் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 14ஆம் பிரிவின்படி, ஏற்ற மறுக்கப்பட்ட பயணியின் கையில் அவருடைய உரிமைகளை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது கொடுத்தார்களா?

இன்னொன்று: இழப்பீட்டைப் பணமாகவோ வங்கி வழியாகவோ காசோலையாகவோதான் தர வேண்டும். வவுச்சர் என்றால் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் தேவை. அந்தத் தாளில் இரண்டாவது ஒரு வரி அதற்காகவும் இருந்திருக்கும், பாருங்கள்.

மூன்றாம் வரிசை:

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கதவு சாத்திய நொடியில் காலி இருக்கையின் மதிப்பு பூஜ்யம். 180 இருக்கை உள்ள விமானத்தில் ஒன்பது பேர் வராமல் போவது வழக்கம் என்றால், ஐந்தாறு டிக்கெட் கூடுதலாக விற்பது இயல்புதானே? அதை நிறுத்தினால் எல்லோருடைய டிக்கெட்டும் விலை ஏறும். விட்டுக்கொடுக்க முன்வருகிறவர்களை ஏலம் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் 1968இலேயே எழுதினார். அப்போது விமான நிறுவனங்கள் சிரித்தன. அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வர 1978 ஆயிற்று.

பழைய கவுண்டர்:

கூடுதலாக விற்பதை நான் குற்றம் சொல்லவே இல்லை. சைமனின் யோசனை அருமையானது. அதை முடிவுவரை கொண்டுபோவதில்லை என்பதுதான் சிக்கல். ஏலம் என்றால் ஆள் கிடைக்கும்வரை தொகை ஏற வேண்டும். நாங்கள் ஒரு தொகையோடு நின்றுவிடுவோம், பிறகு கணினி ஆளைத் தேர்ந்தெடுக்கும். 2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்துச் சென்றதை உலகமே பார்த்தது. அங்கே இடம் தேவைப்பட்டது நான்கு விமான ஊழியர்களுக்கு. 800 டாலரோடு கேட்பதை நிறுத்தினார்கள். அதன் பிறகு அதே நிறுவனம் 10,000 டாலர்வரை தரலாம் என்று தன் விதியை மாற்றிக்கொண்டது.

கணினி யாரைத் தேர்ந்தெடுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மலிவான டிக்கெட், உறுப்பினர் அட்டை இல்லை, இணையத்தில் செக்-இன் செய்யவில்லை, தனியாக வந்தவர். கடைசியில் ஓர் இடம் திடீரென்று கிடைத்தால் நிற்கும் நால்வரில் யாருக்கு? சத்தம் போடுகிறவருக்கு. பொறுமையாக நின்றவரிடம்தான் நான் தாளை நீட்டினேன்.

மேகமூட்டம்:

15ஆம் பிரிவு எனக்குத் தெரியாது. முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 'அசாதாரணச் சூழ்நிலை' என்று சொல்லி நிறுவனம் தப்பித்துக்கொள்ளாதா?

பழைய கவுண்டர்:

அது விமானம் ரத்தானால் சொல்லும் சாக்கு. ஏற்ற மறுத்ததற்கு அது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் ஃபின்னேர் விமான நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது.

ஜன்னலோரம்:

தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னதுபோல் வவுச்சருக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. இரண்டு கட்டங்களிலும் 'சம்மதம்' குறி அச்சிலேயே வந்திருக்கிறது. நான் போட்டது அடியில் ஒரே ஒரு கையெழுத்து. உரிமைகள் பற்றி எந்தத் தாளும் தரவில்லை. நேரமும் எழுதவில்லை, கதவு சாத்திய பிறகுதான் வாங்கினார்கள் என்று எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. அந்த எஸ்.பி.ஒய். போர்டிங் பாஸ் மட்டும் இருக்கிறது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளமாக வைத்திருந்தேன்.

பழைய கவுண்டர்:

நல்ல வேளை! இருக்கை எண் உங்களுக்குத் தரப்படவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கடிதத்தில் முதல் வரியாக அதை எழுதுங்கள். மறுத்தால் புறப்பட்ட நாட்டில் இந்த ஒழுங்குமுறையை அமல்படுத்தும் அமைப்புக்குப் புகார் அனுப்புங்கள். அதற்கு முன், இன்றைக்கே அந்த போர்டிங் பாஸை இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் அது. வெயில் பட்டால் எழுத்தெல்லாம் மறைந்துவிடும்.