ஓவியம் பார்த்தால் டீம் வேலை சரியாகுமா?

தூரிகை:
அடுத்த மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பயிற்சி. ஓவியங்களைத் திரையில் போட்டு, குழுவாகப் பேசச் சொல்வார்களாம். காசுக்குக் கேடு என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நியூயார்க்கில் உள்ள ஃப்ரிக் கலை அருங்காட்சியகத்தில் 2000-ல் ஏமி ஹெர்மன் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பு, பிறகு அந்த ஊர்ப் போலீஸ், எஃப்பிஐ வரை போனது. யேல் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்தினார்கள். நோயாளிகளின் படங்களில் அவர்கள் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

பட்டறைக்காரன்:
டாக்டருக்குச் சரி, தோலைப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டியவர். நமக்கு எதற்கு? பழகிய கண் பழகிய இடத்தில்தான் வேலை செய்யும். 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். நிஜ ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டினால் வல்லவர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திரும்ப அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் புதியவரைவிடப் பெரிதாக ஒன்றும் மிஞ்சமாட்டார். சதுரங்கத்தில் பழகியதே சதுரங்கப் பலகையில் இந்த லட்சணம். ஓவியத்தில் பழகியது புராஜெக்ட் மீட்டிங்கில் உதவும் என்றால் எப்படி நம்புவது?

தூரிகை:
அந்தப் பழகிய கண்ணே ஏமாறுகிறதே! 2013-ல் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேனில் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். சில படங்களில் கொரில்லா உருவம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. தேடுவது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

பட்டறைக்காரன்:
நோய் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஓவியம்தான் மருந்து என்பதற்கு இது சான்று ஆகாது. பிலடெல்பியாவில் 36 மருத்துவ மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அருங்காட்சியகத்தில் ஆறு வகுப்புகள் நடத்தினார்கள். 2018-ல் வந்த முடிவுப்படி அவர்கள் படங்களை நன்றாக விவரித்தார்கள். நல்லது. ஆனால் அங்கே முக்கியமாகச் சோதித்தது படத்தை விவரிக்கும் திறமையைத்தான். கூட வேலை செய்பவரோடு ஒத்துப்போனார்களா என்று அளக்கவில்லை.

வார்டு சிஸ்டர்:
நான் செவிலியர். எங்கள் வேலையே பார்த்ததை அடுத்தவரிடம் ஒப்படைப்பதுதான். ஷிப்ட் மாறும்போது "ஏழாவது பெட் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்து வருபவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. "காலையில் இரண்டு இட்லி, மதியம் வேண்டாம் என்றார், பேசும்போது மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் ஒரு வகுப்பில் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1927-ல் வரைந்த 'ஆட்டோமாட்' ஓவியத்தைப் பார்த்தோம். காசு போட்டுச் சாப்பாடு எடுக்கும் இயந்திர உணவகத்தின் பெயர் அது. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து காபிக் கோப்பையைப் பிடித்திருக்கிறாள். எல்லோரும் "சோகமாக இருக்கிறாள்" என்றார்கள். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதும் அறையே அமைதி. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது: எதிர் நாற்காலி காலி, ஒரு கையில் மட்டும் கையுறை, பின்னால் ஜன்னல் கண்ணாடியில் விளக்குகளின் வரிசை மட்டும் தெரிகிறது, அவள் பிம்பம் இல்லை. ஒருவர், "கையுறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் யாருக்கோ காத்திருக்கிறாள்" என்றார். அதே படம்தான். எனக்கு அங்கே பயன்பட்டது ஓவியத்தைவிட அந்த ஒரு கேள்வி.

பட்டறைக்காரன்:
சிஸ்டர், அப்படியென்றால் ஓவியமே வேண்டாமே? உங்கள் ஒப்படைப்புக் குறிப்பை வைத்தே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகலாமே.

வார்டு சிஸ்டர்:
கேட்டால் சண்டை வரும் தம்பி. குறிப்பில் குறை சொன்னால், எழுதியவரைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். ஹாப்பரின் பெண்ணைப் பற்றி டாக்டரும் புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் வேறு வேறாகச் சொன்னால் யாருக்கும் முகம் சுருங்காது. அங்கே பழகினால்தான் வார்டில் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரும்.

பட்டறைக்காரன்:
இதுதான் இந்தப் பேச்சில் எனக்குப் பட்ட முதல் உருப்படியான காரணம். ஆனாலும் என் கவலை போகவில்லை. நான் பார்த்த தொழிற்சாலைகளில் பிசகு எல்லோர் கண்ணிலும் பட்டது, மேலதிகாரி முன்னால் வாய்தான் திறக்கவில்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஓவியம் காட்டினாலும், முதலில் மேனேஜர் ஒரு கருத்துச் சொல்வார், மற்றவர்கள் அதையே அலங்காரம் பண்ணிச் சொல்வார்கள். தூரிகை, பயிற்சி முடிந்ததும் ஒன்றை மட்டும் எழுதுங்கள். உங்கள் மேனேஜர் சொன்னதை யாராவது மறுத்தார்களா?

தூரிகை:
எழுதுகிறேன். மேனேஜர்கள் கடைசியில்தான் பேச வேண்டும் என்று ஹெச்ஆரிடம் இன்றே மெயில் போடுகிறேன். ஹெச்ஆர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வகுப்பு நடக்கும் அறையிலேயே எழுந்து கேட்பேன்.