நெய்யூர் பக்கம் பழைய செங்கல் வீடு, சிமெண்ட் பூசலாமா?

கேள்வி:
எங்க தாத்தா வீடு வெள்ளக்காரன் காலத்து செங்கல் வீடு, மேல மங்களூர் ஓடு, உத்தரத்துல 1063னு வெட்டியிருக்கு, அது என்ன வருஷம்? சொவரு அடியில உப்பு பூத்து சுண்ணாம்புப் பூச்சு பொடிப்பொடியா உதிருது, கொத்தனாரு சிமெண்ட் பூசிரலாம்ங்காரு, பூசலாமா அண்ணே?

பதில் 1:
அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு தம்பி, 825 கூட்டுனா 1888, விக்டோரியா ராணி காலமேதான். 1949 வரைக்கும் நாம திருவிதாங்கூர்லயும், அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும்லா இருந்தோம், அதான் அந்தக் கணக்கு. ஓடு ஒண்ண எறக்கி அடிப்பக்கம் பாருங்க, கம்பெனி முத்திரை இருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ சபை 1865ல ஓட்டு பாக்டரி போட்டதுக்கு அப்புறந்தான் இந்த ஓடு பரவிச்சு.

பதில் 2:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம் மக்கா. சுண்ணாம்பு வழியா சொவத்து ஈரம் வெளிய போயிரும், சிமெண்ட் போட்டு அடச்சா உள்ளயே தங்கி உப்பு செங்கலையே அரிச்சிரும், நல்ல வீடு கெட்டுப்போவும். உதிர்ந்த எடத்துல செங்கல் அடுக்குன முறையப் பாருங்க, ஒரு வரி முழுக்க நீளவாக்கு, அடுத்த வரி முழுக்க தலப்பக்கம் (செங்கலோட சின்ன முனை) தெரிஞ்சா இங்கிலீஷ் பாண்ட், ஒரே வரியில மாறிமாறி வந்தா பிளெமிஷ் பாண்ட். போட்டோ போடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே, நாளைக்கு போட்டோ போடுதேன். தக்கலை பக்கம் சுண்ணாம்பு வேல தெரிஞ்ச கொத்தனாரு யாராவது உண்டா?