புது பாஸ்டர் ஜூலை 1 வர்றாங்க, எங்களது சின்ன ஊர் மெத்தடிஸ்ட் சர்ச், எப்படி வரவேற்கலாம்?

மன்னை_ரூத் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க மேற்கு கான்சாஸ்ல ஒரு சின்ன ஊர்ல இருக்கோம், வீட்டுக்காரர் இங்க ஆஸ்பத்திரில வேலை பாக்குறாரு. பக்கத்துல தமிழ் சபையோ சிஎஸ்ஐயோ எதுவும் கிடையாது, அதனால ஊர்ல இருக்கற யுனைடெட் மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குத்தான் வந்த நாள்லேந்து போறோம். எனக்கு அது வேத்து சபையாவே தோணல, ஏன்னா எங்க ஊர் மன்னார்குடி, 1947ல சிஎஸ்ஐ உருவாகறதுக்கு முன்னாடி எங்க சபையே வெஸ்லியன் மெத்தடிஸ்ட் மிஷன் சபைதான், தாத்தா பின்லே ஸ்கூல்ல படிச்சவரு.

இப்ப விஷயம் என்னன்னா எங்க பாஸ்டரை பிஷப் வேற ஊருக்கு மாத்திட்டாங்க. புதுசா ஒரு லேடி பாஸ்டர் வர்றாங்க, கூட அவங்க வீட்டுக்காரரும் ஸ்கூல் படிக்கற ரெண்டு பிள்ளைங்களும். வரவேற்பு சாப்பாட்டு பொறுப்பை என் தலையில குடுத்திருக்காங்க, எனக்கு சந்தோஷம்தான், நம்மளையும் நம்பி குடுத்திருக்காங்களேன்னு. ஆனா ஞாயித்துக்கிழமை அம்பது பேர் வந்தாலே பெருசு, பாதிப்பேர் எழுபது வயசு தாண்டினவங்க, மத்தவங்க எல்லாம் கோதுமை விவசாயம், ஜூன் கடைசி ஜூலை ஆரம்பம்னா அறுப்பு நேரம், ராத்திரி பகலா கம்பைன் ஓடும், கோ-ஆப் எலிவேட்டர், அதாவது கூட்டுறவு தானியக் கிடங்கு வாசல்ல லாரி வரிசை நிக்கும், யாரும் சர்ச் பக்கம் எட்டிப் பாக்க நேரம் இருக்காது.

நான் யோசிச்சது நம்ம ஊர் மாதிரி வாசல்ல நின்னு மாலை போட்டு பொன்னாடை போத்தி உள்ள கூட்டிட்டு வரணும்னு. ஊர்லேந்து கொண்டு வந்த நல்ல பட்டுக்கரை பொன்னாடை ஒண்ணு பெட்டியில இருக்கு. இங்க அதை எப்படி எடுத்துப்பாங்க? அப்புறம் பழைய பாஸ்டரை நெனச்சு அழுதுட்டு இருக்கற பாட்டிங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, அவங்க புருஷன்மாரை அடக்கம் பண்ணினது அவருதான். அவங்களை வச்சுக்கிட்டு எப்படி இந்த வரவேற்பை நடத்தறது? யாராவது இப்படி செஞ்சிருந்தா சொல்லுங்க.

நெப்ராஸ்கா_ஜான் பதில்:

சிஸ்டர், நாங்களும் உங்க கிரேட் பிளெயின்ஸ் கான்ஃபரன்ஸ்தான், அதாவது இந்த வட்டாரத்து மெத்தடிஸ்ட் சபைகளோட அமைப்பு, 2014லேந்து கான்சாஸும் நெப்ராஸ்காவும் ஒண்ணாயிடுச்சே. நான் எங்க சபையில எஸ்பிஆர்சி கமிட்டியில இருந்தவன், அதாவது பாஸ்டருக்கும் சபைக்கும் நடுவுல இருக்கற கமிட்டி, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

முதல்ல சபைல எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும், மெத்தடிஸ்ட்ல பாஸ்டரை சபை ஓட்டுப் போட்டு எடுக்கறது இல்ல, பாப்டிஸ்ட் சபை மாதிரி ஆள் தேடி இன்டர்வியூ வைக்கறதும் இல்ல. பிஷப் அனுப்புவாங்க, டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டெண்டன்ட் கூட்டிட்டு வந்து கமிட்டிக்கு அறிமுகம் பண்ணுவாங்க, அப்பாயின்ட்மென்ட் ஒரு வருஷத்துக்குத்தான், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி காலத்துலேந்து இதே ஏற்பாடு, 1771ல பிரான்சிஸ் ஆஸ்பரி இங்க வந்து இறங்கினப்புறம் பிரசங்கியாருங்களை குதிரையில ஏத்தி ஊர் ஊரா அனுப்பினதுலேந்து இன்னைக்கு வரைக்கும் அதே முறைதான் நடக்குது. அதனால உங்க பாஸ்டர் "நம்மளை விட்டுட்டுப் போறாரு"ன்னு யாராவது வருத்தப்பட்டா தயவுசெஞ்சு எடுத்துச் சொல்லுங்க, அவரை அனுப்பறாங்க, அவரும் உங்களை மாதிரியே வீட்டை காலி பண்ணிட்டு மனசு கனத்துப் போய்த்தான் கெளம்புவாரு.

பொன்னாடை தாராளமா போடலாம், ஆனா திடீர்னு போடாதீங்க. முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க, எங்க ஊர் வழக்கம் இது, ஆராதனை முடிஞ்சு சாப்பாட்டு ஹால்ல போடலாமான்னு. இன்னொரு முக்கியமான விஷயம், சில சபைல புது பாஸ்டருக்கு ஸ்டோல் தச்சு பரிசா குடுப்பாங்க, அது ஆர்டினேஷன் (குருப்பட்டம்) ஆனவங்க ஆராதனைல கழுத்துல போடற நீளத் துணி. உங்களுக்கு வர்றவங்க ஆர்டினேஷன் ஆன எல்டரா, ஆர்டினேஷன் இல்லாம லைசன்ஸ் வாங்கி ஊழியம் செய்யற லோக்கல் பாஸ்டரான்னு தெரியாம யாரும் ஸ்டோல் வாங்கிடாதீங்க, அவங்களுக்கு சங்கடமாயிடும். சின்ன ஊருக்கு லோக்கல் பாஸ்டருங்க நிறைய பேர் வர்றாங்க, நல்லா ஊழியம் செய்யறவங்க.

ஆராதனையிலயே இதுக்குன்னு ஒரு முறைமை இருக்கு, வொர்ஷிப் புத்தகத்துல அப்பாயின்ட்மென்ட் கொண்டாட்டத்துக்குன்னு தனி ஆர்டரே போட்டிருக்கு. சபையார் ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து பைபிள், ஒரு பாத்திரத்துல தண்ணி, அப்பமும் பாத்திரமும், பாட்டுப் புத்தகம், துண்டும் தொட்டியும், சர்ச் சாவின்னு ஒவ்வொண்ணா கையில குடுப்பாங்க. உங்க பாட்டிங்க சொன்னீங்களே, தண்ணிப் பாத்திரத்தை அவங்கள்ல ஒருத்தர் கையில குடுங்க. எங்க சபையில ஒரு எண்பத்தி ரெண்டு வயசு அம்மா நடுங்கற கையோட அந்த ஜாடியைத் தூக்கிட்டு வந்து குடுத்தாங்க, புது பாஸ்டர் ரெண்டு கையாலயும் அவங்க கையைச் சேத்து வாங்கிக்கிட்டாரு. அந்தம்மாதான் அதுக்கப்புறம் அவருக்கு சபையிலயே ரொம்ப வேண்டியவங்க ஆனாங்க.

பார்சனேஜ்_அம்மா பதில்:

ரூத் தங்கச்சி, நான் பாஸ்டர் வீட்டுக்காரி, எங்க வீட்டுக்காரரும் இதே யுனைடெட் மெத்தடிஸ்ட் சர்ச், யுஎம்சிதான், பார்சனேஜ், அதாவது சபை பாஸ்டருக்கு குடுக்கற வீடு, மாறி மாறி பழகினவ. அதனால வீட்டுக்குள்ளேந்து எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்.

கான்ஃபரன்ஸ் முழுக்க ஏறக்குறைய ஒரே வாரத்துல எல்லாரும் வீடு மாறுவோம். ஒரு குடும்பம் காலைல காலி பண்ணும், அடுத்த நாளோ அதுக்கடுத்த நாளோ இன்னொரு குடும்பம் லாரியோட வந்து நிக்கும், நடுவுல பெயின்ட் அடிக்கணும் கார்பெட் கழுவணும். அது சபையோட கட்டடங்களைப் பாத்துக்கற டிரஸ்டீஸ் வேலைன்னு விட்டுடாதீங்க, அறுப்பு நேரத்துல அவங்க எல்லாம் வயக்காட்டுலதான் இருப்பாங்க. போய் ஒரு தடவை நீங்களே பாருங்க, எல்லா பல்பும் எரியுதா, பாத்ரூம்ல சோப்பும் டாய்லெட் பேப்பரும் இருக்கா, ஏசி ஓடுதா, ஜூலை மாச கான்சாஸ் வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பிரிட்ஜ்ல பாலு, முட்டை, பிரெட், பழம், பிள்ளைங்களுக்கு ஜூஸ் வச்சிருங்க. ஒரு ஊர்ல நாங்க ராத்திரி பத்து மணிக்குப் போய் இறங்கினப்ப சமையல்கட்டு மேடையில ஒரு காகிதம் இருந்துச்சு, குப்பை வண்டி என்னைக்கு வரும், பிளம்பர் நம்பர், எந்த டாக்டர் புது ஆளுங்களை எடுத்துக்கறாரு, பக்கத்து வீட்டு நாய் பேரு வரைக்கும் யாரோ கையால எழுதி வச்சிருந்தாங்க. நான் அதை வருஷக்கணக்கா பிரிட்ஜ் கதவுல ஒட்டியே வச்சிருந்தேன்.

பழைய காலத்து மெத்தடிஸ்ட் வழக்கம் ஒண்ணு இருக்கு, பவுண்டிங்னு சொல்வாங்க, வீட்டுக்கு ஒரு பவுண்ட் மாவு, சர்க்கரை, காப்பித்தூள், வெண்ணெய்னு கொண்டாந்து பாஸ்டர் வீட்டு அலமாரியை நெறச்சுடுவாங்க. இப்ப கிப்ட் கார்டா குடுக்கறாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா மளிகை சாமான் வந்தா முதல் வாரம் கடைக்கு ஓட வேண்டாம்.

சாப்பாடு குடுக்கறப்ப அலர்ஜி என்ன, காரம் எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டுக்குங்க. ஒரே நாள்ல ஆறு கேசரோல் (ஓவன்ல வேக வச்ச பெரிய டிரே சாப்பாடு) வந்தா வைக்க எடம் இருக்காது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வீடுன்னு எழுதி வச்சுக்குங்க, திருப்பிக் குடுக்க வேண்டாத டப்பாவுல குடுங்க. போன் பண்ணாம கதவைத் தட்டாதீங்க. சபையோட வீடுதான், ஆனா அவங்க குடும்பம் நடத்தற வீடு.

பிள்ளைங்களைத்தான் நான் ரொம்ப கேட்டுக்கறது. பெரியவங்களுக்கு சபை இருக்கு வேலை இருக்கு, அந்தப் பிள்ளைங்க பிரெண்ட்ஸை விட்டுட்டு வர்றாங்க, ஸ்கூல் தெறக்க ஆகஸ்ட் நடு ஆகும், அது வரைக்கும் ஒருத்தரையும் தெரியாது. அதே வயசுல உங்க சபையிலயோ ஊர்லயோ பிள்ளைங்க இருந்தா முதல் வாரத்துலயே நீச்சல் குளத்துக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அறுப்பு நடக்குதுன்னு கவலைப்பட்டீங்க, நான் அதை நல்ல நேரம்னுதான் சொல்வேன். விவசாயி யாராவது அந்தப் பிள்ளைங்களை கம்பைன்ல பக்கத்து சீட்ல உக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டட்டும். பாஸ்டரும் வயக்காட்டுக்கு சாப்பாடு கொண்டு போற வண்டியில ஏறிப் போனா ஒரே சாயங்காலத்துல பத்து குடும்பத்தைப் பாத்துடலாம். சர்ச்சுக்கு அவங்க வர முடியலன்னா பாஸ்டர் அங்க போகட்டும்.

பருத்தித்துறை_ரவி பதில்:

வணக்கம் அக்கா. நான் பருத்தித்துறை, இப்ப கனடாவில இருக்கிறன். எங்கட இலங்கை மெதடிஸ்த சபையிலயும் இதே முறைதான், போதகர்மாரை இடம் மாத்திறது கொன்பரன்ஸ். 1814 இல வந்த முதல் மிசனரிமாரையே வந்து இறங்கின கையோட யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, மாத்தறை எண்டு பிரிச்சு அனுப்பிப்போட்டினம். அவையளைக் கூட்டிக்கொண்டு வந்த தோமஸ் கோக் வாற வழியில கப்பல்லயே செத்துப்போனார், மட்டக்களப்புக்குத் தனியாப் போன வில்லியம் ஓல்ட் ஒரு வருசம் முடிய முதலே காலமாகிட்டார். அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள அவர் தொடங்கின பள்ளிக்கூடம்தான் இண்டைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரியா நிக்குது.

எங்கட ஊரில புதுப் போதகர் வரேக்க முதல் கிழமை முழுக்க மிசன் வீட்டில அடுப்பு மூட்ட விடமாட்டினம். இடியப்பமும் சொதியும், புட்டும் மீன்குழம்பும் ஒவ்வொரு வீட்டில இருந்து போகும். என்ர அம்மா சாப்பாட்டுக் கரியரைக் கொண்டுபோகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவா, போய் வாசல்ல குடுத்திட்டு ஒரு நிமிசம் நிண்டு பேர் சொல்லிப்போட்டு வந்திடுவம், உள்ள போய் இருக்கிறேல்ல. நீங்களும் உங்கட சாப்பாட்டில ஒண்டாவது செய்து குடுங்கோ அக்கா, காரத்தைக் குறைச்சுச் செய்தாச் சரி. அவை எல்லாரும் செய்யிறதையே நீங்களும் செய்ய வேணும் எண்டில்ல.

மன்னை_ரூத்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சுட்டேன். ஜான் அண்ணா, அந்தத் தண்ணிப் பாத்திரம் யோசனையை வொர்ஷிப் கமிட்டிகிட்ட சொன்னேன், உடனே சரின்னுட்டாங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும், ரெண்டு மூணு பேர் "அடக்க ஆராதனைன்னா நாங்க பழைய பாஸ்டரைத்தான் கூப்பிடுவோம்"னு இப்பவே சொல்றாங்க, அப்புறம் "லேடி பாஸ்டரா"ன்னு ஒரு தாத்தா இழுக்கறாரு. இதுக்கு என்ன சொல்றது?

நெப்ராஸ்கா_ஜான்:

முதல் கேள்விக்கு பதில் நேரா இருக்கு சிஸ்டர். போன பாஸ்டர் திரும்பி வந்து கல்யாணமோ ஞானஸ்நானமோ அடக்கமோ நடத்தணும்னா இப்ப இருக்கற பாஸ்டர் அழைச்சாத்தான் வரலாம், எங்க சபையோட சட்டப் புத்தகமான டிசிப்ளின் அப்படித்தான் சொல்லுது. அதை நீங்க சொல்ல வேண்டாம், போற பாஸ்டரே கடைசி ஞாயிறு எழுந்து நின்னு அன்பா சொல்லணும், அவர்கிட்ட போய் கேட்டுக்குங்க. அவர் வாயால வந்தா பாட்டிங்க ஏத்துப்பாங்க. அதே மாதிரி அவருக்கு நல்லபடியா ஒரு வழியனுப்பு விழா வையுங்க, தனி நாள்ல. அழ வேண்டியவங்க அன்னைக்கு நல்லா அழுதுடட்டும், வரவேற்பு அன்னைக்கு வர்ற குடும்பத்துக்கு முன்னாடி பழையவர் பேச்சு வேண்டாம்.

ரெண்டாவது கேள்விக்கு, அமெரிக்க மெத்தடிஸ்ட்ல பெண்களுக்கு முழு ஊழிய உரிமை 1956லயே குடுத்தாச்சு, 1980ல மார்ஜரி மேத்யூஸ் பிஷப்பாவே ஆயிட்டாங்க. அந்தத் தாத்தாகிட்ட வருஷக் கணக்கு சொல்லி வாதம் பண்ணாதீங்க, அவருக்கு உடம்பு முடியாம போறப்ப அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுவாங்க பாருங்க, அப்ப மாறிடுவாரு. நம்ம சிஎஸ்ஐயிலயும் 2013ல நந்தியாலுக்கு புஷ்பலலிதா அம்மா பிஷப்பா வந்தாங்களே, அதை வேணா நம்ம வீட்டுப் பெருமையா சொல்லுங்க.

பார்சனேஜ்_அம்மா:

ஜான் தம்பி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். 2019லேந்து 2023 முடியற வரைக்கும் அமெரிக்காவுல யுஎம்சியை விட்டு 7,600 சபைக்கு மேல வெளிய போச்சு, இங்க இருந்த சபைகள்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ அதுல மனசு உடைஞ்ச குடும்பங்க கண்டிப்பா இருக்கும், ஒரே பெஞ்ச்ல உக்காந்திருந்தவங்க இப்ப வேற வேற கட்டடத்துல உக்காந்திருப்பாங்க. புது பாஸ்டர் வந்த உடனே அவங்களை ஒரு பக்கம் இழுக்கப் பாப்பாங்க, யாரு எந்தப் பக்கம்னு காதுல போடப் பாப்பாங்க. முதல் மாசம் அதையெல்லாம் அவங்க தலையில ஏத்தாதீங்கன்னு உங்க கமிட்டிக்கு உறுதியா சொல்லுங்க. அவங்களே ஆளுங்களைப் பாத்துப் பழகி தெரிஞ்சுக்கட்டும்.

இன்னும் ஒண்ணு, முதல் சில வாரம் எல்லாரும் பேர் எழுதின ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க, அந்தத் தாத்தா பாட்டிங்களும் சேத்துத்தான். எல்லாரும் அவங்க நாலு பேரோட பேரை ஒரே நாள்ல தெரிஞ்சுப்பாங்க, அவங்க அம்பது பேர் பேரையும் ஞாபகம் வைக்கணும்.

மன்னை_ரூத்:

இன்னைக்கு புது பாஸ்டருக்கு மெசேஜ் போட்டேன். பொன்னாடை பத்தி எழுதி போட்டோவும் அனுப்பினேன், ரொம்ப ஆசையா பதில் போட்டாங்க, பிள்ளைங்களும் பக்கத்துல நிக்கலாமான்னு கேட்டிருக்காங்க. சின்னவனுக்கு வேர்க்கடலை ஆகாதாம், அதனால சாப்பாட்டு லிஸ்ட் மேலயே பெருசா எழுதிட்டேன். சபைல பீராக்ஸும் (இறைச்சியும் முட்டைக்கோஸும் வச்ச பன்) சில்லியும் (இறைச்சி பீன்ஸ் குழம்பு) சின்னமன் ரோலும் மத்தவங்க கொண்டு வர்றாங்க, நான் தேங்கா சாதமும் காரம் கம்மியா கோழிக் குழம்பும் செய்யறேன். கம்பைன் ஓட்டறதுக்கு மூணு வீட்டுல பேர் குடுத்திருக்காங்க. பார்சனேஜ் அக்கா, அந்தக் காகிதத்துல என்னென்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கறதை எல்லாம் எழுதுங்களேன், நாளைக்கு உக்காந்து எங்க ஊருக்கு எழுதப் போறேன்.

பார்சனேஜ்_அம்மா:

எழுதறேன் மா. தண்ணி மெயின் வால்வு எங்க இருக்கு, பியூஸ் பெட்டி எங்க, டொர்னேடோ சைரன் அடிச்சா பேஸ்மென்ட்ல எந்தப் பக்கம் போகணும், டெஸ்டுக்காக என்னைக்கு எத்தனை மணிக்கு சைரன் அடிப்பாங்க, லைப்ரரி நேரம், நீச்சல் குளம் நேரம், பக்கத்துல பெரிய மளிகைக்கடை எந்த ஊர்ல, ராத்திரி மருந்துக்கடை எங்க, முடி வெட்டற எடம், ஸ்கூல் ஆபீஸ் நம்பர். கடைசியா உங்க பேரும் நம்பரும் போட்டு, எந்நேரம் வேணாலும் கூப்பிடுங்கன்னு எழுதிருங்க.