கிச்சன் சுவரை எடுத்தவர்கள், எடுக்காதவர்கள்: பெங்களூரு அனுபவங்கள்

அல்சூர்

எங்களுடையது பழைய தனி வீடு. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து ஓபன் கிச்சன் ஆக்கினோம். விருந்தாளி வந்தால் நான் மட்டும் உள்ளே தனியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. தூசி, செலவு, கார்ப்பெண்டரின் நாளைக்கு நாளைக்கு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

கொலுவுக்கு ஹால் நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டு மாமி பாடிக்கொண்டிருந்தார். சுண்டலுக்குத் தாளிக்க எண்ணெயில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். சிம்னி முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் முதலில் இருமினாள், அப்புறம் குழந்தை, அப்புறம் எல்லோரும். மாமி சரணத்தின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடுவில் கண்ணாடி ஸ்லைடிங் கதவு போடலாமா என்று யோசிக்கிறோம். போட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்

உங்களுக்கு எடுக்கவாவது சுவர் இருந்தது. எங்கள் அப்பார்ட்மென்ட் மிவான் முறையில் கட்டியது. அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றி எழுப்பிய சுவர்கள், செங்கல்லே கிடையாது. இன்டீரியர்காரர் "சாப்பாடு எடுத்துக் கொடுக்க ஒரு சின்னத் திறப்புதானே, ஒன்றும் ஆகாது" என்று ஆளை அனுப்பிவிட்டார். டிரில் சத்தம் கேட்டு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் மேலே ஓடி வந்தார். அதற்குள் சுவரில் கையகலம் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மேலே இருக்கிற அத்தனை மாடிகளின் பாரமும் இறங்குகிற சுவர் அது! ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்து, அவர் சொன்ன கலவையால் அடைத்தோம். மிவான் வீட்டுக்காரர்கள் பில்டரின் வரைபடத்தை வாங்கிப் பார்க்கும்வரை யாரையும் சுவரைத் தொட விடாதீர்கள்.

ஜெயநகர்

அல்சூர் மேடம், பழியைச் சுவர் இல்லாததன் மேல் போடாதீர்கள். எங்களுடையதும் ஓபன் கிச்சன்தான், தம்பி குடும்பம் வந்தால் மீன் வறுத்துக்கொண்டே பேசுகிறோம். ஒரே ஒருமுறை, பாதி வறுவலில் கரண்ட் போய் சிம்னி நின்றது, சோஃபா முழுக்க வாசனை ஏறிவிட்டது. மற்றபடி தொந்தரவு இல்லை.

உங்கள் டக்டை, அதாவது சிம்னிப் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயைப் பாருங்கள். பெட்டியில் இழுக்கும் திறன் 1200 (மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று) என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம், ஆனால் குழாய் நீள நீள, ஒவ்வொரு வளைவுக்கும் இழுவை குறையும். 6 அங்குலக் குழாய் வெளிச்சுவர் வரை 6 அங்குலமாகவே போக வேண்டும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடைவெளி 65 முதல் 75 செ.மீ.க்குள் இருக்கட்டும். அழகுக்காக உயர்த்தி மாட்டினால் புகை பக்கவாட்டில் நழுவிவிடும். சிம்னியின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக் கூடாது. தாளிப்பதற்குச் சில நிமிஷம் முன்பே போட்டுவிடுங்கள். அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் குழாய் நீளம் தானாகக் குறையும். ஹாலைப் பார்த்து நின்று சமைக்க ஆசைப்பட்டு அடுப்பை நடு மேடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். சிங்க் அடியில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட் மட்டும்தான். பொது உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 ப்ளைவுட் அந்த ஈரத்துக்கு அவ்வளவாகத் தாங்காது. அடுப்பு பக்கத்தில் குவார்ட்ஸ் வேண்டாம், அதில் பிசின் கலந்திருக்கிறது, கொதிக்கிற குக்கரை இறக்கி வைத்தால் தடம் விழலாம். கல் வியாபாரம் நடக்கிற ஜிகணிக்குப் போய், பலகையை வெயிலில் நிறுத்திப் பார்த்து கிரானைட் எடுங்கள்.

ராமமூர்த்தி நகர்

ஜெயநகர் சார், டக்டும் ப்ளைவுட்டும் சரி. நின்று சமைக்கிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? அப்பாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு முன் கிச்சனைப் புதிதாக்கினோம். டிசைனர் எல்லா இடத்துக்கும் ஒரே உயரம் வைத்தார், 36 அங்குலம். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அன்று காலை நான் உள்ளே போனபோது, பூஜை அறையிலிருந்து மணையை எடுத்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்று கேசரி கிளறிக்கொண்டிருந்தார். கொதிக்கிற நெய், கால் அடியில் ஆடுகிற பலகை. ஹாலில் எல்லோரும் புது கிச்சனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

முழங்கையை மடக்கி நின்றால் அதிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழேதான் நறுக்குகிற மேடை. அடுப்பு மேடை இன்னும் கீழே, ஏனென்றால் அடுப்பும் அதன் மேல் அடிகனமான பாத்திரமும் உயரத்தைக் கூட்டிவிடும். அடுப்பு இருந்த பகுதியை மட்டும் கல்லைக் கழற்றி இறக்கினோம். உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரை நிற்க வைத்து அளக்காத டிசைனருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அல்சூர்

ஜெயநகர் சார் சொன்னதும் சிம்னியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மேலே 6 அங்குலக் குழாய், சுவருக்குள் பழைய எக்ஸாஸ்ட் ஓட்டையில் 4 அங்குலமாகக் குறுகியிருக்கிறது. கவரை மூடி அழகாகப் பூசியிருந்தார்கள். அதைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கதவு போடத்தான் போகிறோம். திறந்து வைத்தால் பேச்சு, மூடினால் தாளிப்பு. ராமமூர்த்தி நகர் தங்கை, அம்மாவைப் பற்றி எழுதியது மனதைப் பிசைந்தது.

கோரமங்களா

கண்ணாடிக் கதவு போட்டவள் நான். டஃபன்டு கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது) போடுங்கள், மேலே இருக்கும் தண்டவாளத்தில் கதவு தொங்குகிற மாதிரி வையுங்கள், கீழே தடம் இல்லாததால் எண்ணெய்ப் பிசுக்கு சேராது. ஆனால் காற்று வழியை அடைத்துவிடாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும், அதனால் கீழே வழி வேண்டும். கெயில் நிறுவனம் குழாயில் தருகிற இயற்கை எரிவாயு லேசானது, மேலே ஏறும், அதற்கு உயரத்தில் வழி வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறினால் அடுப்பின் ஜெட்டையும் (கேஸ் வெளிவரும் சிறு துளை உள்ள பாகம்) மாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் எது?

அல்சூர்

இப்போது சிலிண்டர். எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் மேலும் கீழும் இரண்டு இடத்திலும் வழி விடச் சொல்கிறேன்.