ஊர்த் தகராறில் மனசு கல்லாகாமல் இருக்க முடியுமா?

மேலூர்க்காரன்: எங்கள் ஊர்ப் பொங்கலில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறாவுக்குள் தகராறு. எதிர்த்தரப்பு வீடுகளின் நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்று எங்கள் பங்காளிகள் முடிவெடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம், முறைக்கு எனக்கு அத்தை, உடம்பு முடியாமல் கிடக்கிறார். காலையில் திருநீறு பூசிக் கும்பிடுகிறேன். வாட்ஸப்பைத் திறந்ததும் ரத்தம் கொதிக்கிறது. அத்தையைப் போய்ப் பார்ப்பதா, வேண்டாமா?

வைகைக்கரை: இப்போது போகாதீர்கள் தம்பி. முதலில் அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வாருங்கள். கொஞ்ச நாள் கோயில், வேலை என்று இருங்கள். மனம் அடங்கட்டும்.

கரிசல்: இதற்குப் பெயர் பக்தியா, ஒதுங்கிக்கொள்வதா? நீங்கள் நிம்மதி தேடிப் போகும் மீனாட்சி கோயிலுக்குள் ஒரு காலத்தில் எல்லாரும் போக முடியாது. 1939 ஜூலை 8-ல் மதுரைக் காங்கிரஸ்காரர் வைத்தியநாத அய்யர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். மனம் அடங்கட்டும் என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

வைகைக்கரை: சரி, போனார். சொந்த சாதியே அவரை ஒதுக்கியது. அப்போதும் யாரையாவது அடித்தாரா? திட்டினாரா? அந்த நிதானத்தைத்தான் சொல்கிறேன்.

கரிசல்: நிதானம் மட்டும் போதவில்லையே! முத்துராமலிங்கத் தேவர் பக்கபலமாக நின்றார். நுழைந்த கையோடு ராஜாஜி அரசு கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் கொண்டுவந்தது. இதெல்லாம் இல்லாத வெறும் கருணை கோபுர வாசலைத் தாண்டியிருக்காது.

சமணமலை அடிவாரம்: அவர் அத்தையைக் கேட்டார், நீங்கள் இரண்டு பேரும் 1939-ல் நிற்கிறீர்கள். மதுரையையே எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீயிடம் சொன்னதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அத்தனை கோபத்திலும் ஒரு வரம்பு வைத்திருந்தாள்.

கரிசல்: தீயவர் பக்கம் மட்டும் போ என்றும் சொன்னாள். யார் தீயவர் என்று தீக்குத் தெரியுமா? இவருடைய பங்காளிகளைக் கேளுங்கள், அவர்களும் "கெட்டவர்களை மட்டும்தான் ஒதுக்குகிறோம்" என்பார்கள். இதை நம்பித்தான் ஊரே ஒரு கிழவியைப் பார்க்காமல் இருக்கிறது.

மேலூர்க்காரன்: அப்படியேதான் குரூப்பில் போட்டிருந்தார்கள் அண்ணே. மரியாதைத் தகராறில் எங்கள் பக்கம்தான் நியாயம், அதை நான் விடப் போவதில்லை. ஆனால் அத்தை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. சாயங்காலம் போகிறேன். இருட்டியதும் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வைகைக்கரை: போவதென்றால் ஒளிந்து போகாதீர்கள். நாளைக்குத் தெரிந்தால், உங்களை மடக்கிவிட்டார்கள் என்று பழி அந்த வீட்டின் மேல்தான் விழும். வகையறாப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கரிசல்: கேட்டால் வேண்டாம் என்பார். அப்புறம் போகவே முடியாது. போகிறேன் என்று தகவல் மட்டும் சொல்லுங்கள். பகலிலேயே, ஊர் கூடும் மந்தை வழியாகவே போங்கள்.