குட்டி ஈன்ற பிறகு தாய் வோல் தன் துணையை மறந்துவிடுமா?

கயல்விழி:
வணக்கம். என் மகளுக்கு ஐந்து மாதம். அவள் பிறந்ததிலிருந்து கணவரோடு உட்கார்ந்து பேசிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேச வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. இந்த நேரத்தில்தான், ஒரே துணையோடு வாழும் பிரெய்ரி வோல் என்ற அமெரிக்கப் புல்வெளி எலியைப் பற்றிப் படித்தேன். தாயானதும் அதன் மூளை மாறுகிறதாம். அப்படியானால் துணைமேல் இருந்த பற்று குட்டிகள் பக்கம் போய்விடுகிறதா?

செல்வராணி:
கயல்விழி, அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் இந்த எலிகளைப் பராமரித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், குட்டை வால். 1970களில் இல்லினாய் மாநிலத்தில் லோவெல் கெட்ஸ் என்ற ஆய்வாளர் பொறி வைத்தபோது ஒரே ஆணும் பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்தே சிக்கின. பிறகு அவரும் சூ கார்ட்டர் என்ற இன்னோர் ஆய்வாளரும் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள்.

மாற்றம் உண்மைதான், அதுவும் பெரிய மாற்றம். ஈனாத வளர்ந்த பெண்ணிடம் குட்டியை வைத்தால் பல நேரம் கடிக்க வரும், அல்லது கண்டுகொள்ளாது. அதே பெண் தாயானதும் குட்டிகளைவிட்டு நகராது. ஒருமுறை நான் கூண்டைத் திறந்ததும் தாய் மிரண்டு ஓடியது. நான்கு குட்டிகளும் காம்பைப் பற்களால் கவ்வியபடியே அதோடு இழுபட்டுப் போயின. ஒன்றுகூட விடவில்லை.

ஆனால் ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும் என்று நினைக்காதீர்கள். ஈன்ற ஓரிரு நாளிலேயே அது தன் துணையோடு மறுபடி சேர்கிறது. பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சூலையும் சுமக்கிறது; சூல்காலம் மூன்று வாரம். துணையை ஒதுக்கும் உயிர் இப்படிச் செய்யாது. பிரசவத்திலும் பாலூட்டலிலும் வேலை செய்யும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனுக்குத்தான் துணைப்பிணைப்பிலும் பங்கு இருக்கிறது. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில், அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இந்த எலிக்கு நிறைய உண்டு. துணை பேணாத மலை வோலுக்கு அங்கே மிகக் குறைவு. தாய்ப்பாசத்துக்கு அமைந்த பாதையையே இயற்கை துணைக்கும் திறந்துவிட்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இளங்கோ:
அக்கா, எல்லாவற்றையும் ஆக்சிடோசின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. 2023இல் அந்த ஏற்பி இல்லாமல் பிறக்கும்படி மரபணு திருத்திய வோல்களும் துணையோடு பிணைந்தன, குட்டி ஈன்று பாலும் கொடுத்தன.

செல்வராணி:
உண்மை, தம்பி. அந்த முடிவு எங்களையெல்லாம் உலுக்கியது. இவ்வளவு முக்கியமான பிணைப்பை உடல் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிடவில்லை என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆக்சிடோசின் வேண்டாத பொருளாகிவிடவில்லை.

கயல்விழி, தந்தையையும் சொல்ல வேண்டும். அது குட்டிகளை நக்கும், அணைத்துச் சூடு கொடுக்கும், விலகிப்போனதைக் கவ்விக்கொண்டு வரும். தந்தையை எடுத்துவிட்ட கூடுகளில் தாய் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. குட்டிகள் தனியே கிடந்த நேரம் கூடியது. அப்படி வளர்ந்தவை, பெரிதானபின் துணையோடு பிணையவும் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டன.

கயல்விழி:
நன்றி அக்கா. தாய் தீனிக்குப் போய்த் திரும்பியதும் தந்தை எழுந்து இடம் விடுமா?

செல்வராணி:
சில நேரம் விடும். நான் அதிகம் பார்த்தது வேறு: தாய் நேராக வந்து அதன் விலாவோடு ஒட்டிப் படுக்கும். குட்டிகள் நடுவில். பஞ்சுக்கூட்டுக்கு மேலே இரண்டு முதுகுகள் மட்டும் தெரியும்.