சில்லறை இறங்கும்போது: ஆஸ் ஜோடியைப் பதுக்குகிறவர்களோடு ஆடிய அனுபவம்

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் உட்காருவோம். ஆட்டம் போக்கர், டெக்சஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து. காசு வைப்பதில்லை. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது, 1-2. கொட்டை முதலில் காலியாகிறவர் மற்ற ஐந்து பேருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். பெரிய கை வந்தும் ஒன்றுமே வராத மாதிரி, கண்மாய் மடையில் நிற்கும் கொக்குபோல உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பற்றி ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். என் கதையையும் கேளுங்கள்.

எங்கள் கொக்கு என் தாய்மாமா. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பாக்கியை டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்து “இறங்கும்போது வாங்கிக்க” என்று சொல்லும்போது, பையில் சில்லறை இருக்கிறதா இல்லையா என்று எந்தப் பயணிக்காவது தெரிந்திருக்குமா? அதே முகம்தான் மாடியிலும்.

போன வருடம், அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். எனக்கு ஆஸ்-ராணி வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சீட்டை மடித்து ஒதுங்கிவிட்டார்கள். கடைசி இடத்திலிருந்து 6 என்று ரெய்ஸ் செய்தேன், அதாவது ஏற்றினேன். ஸ்மால் பிளைண்டில், அதாவது 1 வைக்கும் இடத்தில் இருந்த மாமா மட்டும் கால் செய்தார், நான் கேட்டதற்குச் சமமாக வைத்தார். ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் விழும் மூன்று சீட்டில், ராணி, 7, 3, மூன்றும் வேறு வேறு ரகம். இதைவிட என்ன வேண்டும்? மாமா செக், ஒன்றும் வைக்காமல் விட்டார். நான் 10 போட்டேன், கால். டர்னில் (நாலாவது சீட்டு) 9. மறுபடி செக், நான் 24, மறுபடி கால். ரிவரில் (கடைசிச் சீட்டு) 2. நடுவில் 82 கொட்டை சேர்ந்துவிட்டது. அவர் செக் சொன்னதும் 40 வைத்தேன். மாமா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த 160-ஐயும் உள்ளே தள்ளினார்.

அங்கேதான் எனக்குப் புத்திசாலித்தனம் வந்து தொலைத்தது. ஆஸ் ஜோடி சேர மொத்தம் ஆறு வழி. ஒரு ஆஸ் என்னிடம் இருப்பதால் மூன்று வழிதான் மிச்சம். 120 வைத்தால் 282 கிடைக்கும், பத்தில் மூன்று தடவை ஜெயித்தாலே கட்டுபடியாகும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான் யோசித்திருக்க வேண்டியது வேறு: இரண்டு வருடத்தில் மாமா ரிவரில் சும்மா மிரட்டி ஒரு தடவையாவது பார்த்திருக்கிறேனா? கிடையாது. அந்த மூன்று வழியில் ஒன்று அவர் கையில் இருந்தது.

“அதான் இறங்கும்போது வாங்கிக்கன்னு சொன்னேன்ல மருமகனே” என்றார். அன்றைக்குப் பருத்திப்பால் என் செலவு.

அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்தேன். ராஜா-ஜாக்கி, ஆஸ்-10, 9 ஜோடி, இதற்கெல்லாம் மாமா தாராளமாக ரெய்ஸ் செய்வார். ஆஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வந்தால்தான் பேசாமல் இரண்டு கொட்டையை வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். இதைப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ரெய்ஸ் செய்கிற ஆள் திடீரென்று வெறும் கால் செய்தால், எனக்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு வேண்டியதில்லை.

ஏன் இப்படி ஆடுகிறார் என்பதற்கும் ஒரு காரணம் தோன்றியது. மாமா மூணு சீட்டில் வளர்ந்தவர். மூணு சீட்டில் கையில் வந்தது வந்ததுதான். மூன்று ஆஸ் வந்துவிட்டால் எதிராளியின் கை அதற்கு மேல் வளராது. எவ்வளவு நேரம் பதுங்கினாலும் நஷ்டமில்லை. போக்கரில் நடுவில் இன்னும் ஐந்து சீட்டு விழ வேண்டும், ஒவ்வொன்றும் யாருக்கோ உதவும். ஆஸ் ஜோடி ஒருவரோடு மட்டும் மோதினால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரே நான்கு பேர் என்றால் 56-தான். சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வருகிற சீட்டை வைத்துக்கொண்டு நான்கு பேரை இலவசமாக உள்ளே விடுகிறார் மனுஷன்.

அப்படி ஒருநாள் விட்டார். முதல் ஆளாக 2 வைத்தார், பின்னால் மூன்று பேர் 2 வைத்தார்கள். ஏற்கெனவே 2 வைத்திருந்த பிக் பிளைண்டில் எனக்கு 8-5. ஒரு கொட்டை கூடுதலாகக் கேட்டிருந்தாலும் மடித்திருப்பேன், யாரும் கேட்கவில்லை. ஃப்ளாப்பில் 8, 5, 2, எனக்கு இரண்டு ஜோடி. மாமாவின் இரண்டு ஆஸ் அந்த நொடியில் நாலில் ஒரு தடவை ஜெயிக்கிற கை ஆகிவிட்டது. கடைசி வரை விடாமல் வந்து கொட்டை முழுவதையும் கொடுத்தார்.

“எட்டும் அஞ்சும் வச்சுக்கிட்டு ஒருத்தன் ஆடுவானாடா?”

“நீங்கதானே மாமா விட்டீங்க.”

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அத்தைதான் சமாதானம் செய்து வைத்தார்.

இப்போது அவர் உள்ளே இருந்தால் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று சுற்றும் போடுவதில்லை. ஃப்ளாப்பில் ஒன்று போடுவேன், அவர் கால் செய்தால் டர்னில் நானும் செக். அவர் ரெய்ஸ் செய்தால் ராணி ஜோடியானாலும் மடித்துவிடுவேன். வயிறு எரியும், பரவாயில்லை. மாறாக 4 ஜோடி, 6 ஜோடி மாதிரி சின்னக் கைகளை மலிவாகக் கிடைத்தால் விடுவதில்லை. எட்டு, ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான் ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழும். ஆனால் விழுகிற அன்றைக்கு, ஆஸ் ஜோடியைப் பதுக்கி வைத்தவரால் அதைக் கீழே வைக்கவே முடியாது.

மேலூர்க்காரரின் பதில்:

அண்ணே, பதுக்குவதே தப்பு என்று ஆக்கிவிடாதீர்கள். 1988 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற பெரிய போட்டியின் இறுதியில் ஜானி சான் என்ன செய்தார்? கையில் ஜாக்கி-9, ஃப்ளாப்பில் ராணி, 10, 8. வரிசை முழுதாகச் சேர்ந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பதுங்கியே இருந்து, ராணி ஜோடி வைத்திருந்த எரிக் சைடலை மொத்தமாக உள்ளே இழுத்தார். ஆனால் அது ஃப்ளாப்பில் சேர்ந்த கை, எதிரே ஒரே ஆள். உங்கள் மாமா முதல் இரண்டு சீட்டிலேயே, அதுவும் ஐந்து பேர் நடுவில் ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு ஆஸ் ஜோடி வந்தால் பெரும்பாலும் ரெய்ஸ்தான். எனக்கு அடுத்து ஆடுகிறவர் என் மச்சானாக இருந்தால் மட்டும் சும்மா இருப்பேன். எந்தச் சீட்டு வந்தாலும் அவரே ஏற்றுவார், நான் ஏன் கையை நீட்ட வேண்டும்?

திருமங்கலத்திலிருந்து இன்னொருவர்:

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை வருவதற்கு முன்பு நான் கொஞ்ச நாள் செல்போனில் ஆடியிருக்கிறேன். அதில் முகமே கிடையாது, நேரம்தான். கடிகாரம் முடியும்வரை யோசித்துவிட்டு வெறும் கால் செய்கிற ஆளிடம் நான்கு தடவை மாட்டினேன். நான்கிலும் ராஜா ஜோடிக்குக் கீழே இல்லை. ஐந்தாவது தடவை மடித்தேன், அவன் எதையும் காட்டவில்லை. இன்றைக்கும் தூக்கத்தில் அந்தக் கை வருகிறது.

செல்லூர், மறுபடியும்:

மேலூர்த் தம்பி சொன்ன கதையை அப்படியே மாமாவிடம் ஒப்பித்தேன். ஜானி சானைப் பற்றிக் கேட்டுவிட்டு “கண்டக்டரா இருந்திருப்பான்” என்றார். போன சனிக்கிழமை என்ன தோன்றியதோ, முதல் ஆளாக இருந்தவர் வழக்கத்துக்கு மாறாக நெஞ்சை நிமிர்த்தி “எட்டு” என்றார். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மடித்துவிட்டோம். இரண்டு ஆஸையும் பாயில் விரித்துப் போட்டார். பிளைண்டில் கிடந்த மூன்று புளியங்கொட்டையைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பார்த்தார். “இனிமே எவனாவது எனக்கு யோசனை சொல்லுங்கடா” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.